ஸ்பேனர் சந்தியாகு வரிசையில் புகுந்தான்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு இரண்டு வேலை. ஒன்று வண்டி ஓட்டுவது. அது கொஞ்ச நேரம். இன்னொன்று துறைமுகக் கேட்டுக்குள் போக வரிசையில் நிற்பது. அது மிச்ச நேரம் முழுக்க. அம்புரோஸ் இருபத்திரண்டு வருடமாக இரண்டையும் செய்துவருகிறான். இரண்டாவதில்தான் பேர் வாங்கினான்.

வயது நாற்பத்தெட்டு. ராயபுரத்தில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மகனுக்குப் படிப்பு ஆறாவதோடு நின்றது. நிற்கும்போது தமிழ் வாத்தியார் சொன்னார்: "உன் வாய் மட்டும் போய்ப் பரீட்சை எழுதினா நீ பாஸுடா." அம்புரோஸ் இதுவரை வாங்கிய ஒரே சர்டிபிகேட் அதுதான். டிரைவிங் லைசென்ஸ் தனி.

வாய் அப்படி. ஆனால் உடம்பு கொஞ்சம் படுத்தியது. ஒன்றரை வருடமாகச் சர்க்கரை. ஒரு நாளைக்கு ஏழு தடவை வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும். வரிசையில் நிற்கிற டிரைவர் ஏழு தடவை இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் அசையாமல் கிடக்கும். நீ இறங்கிப் பத்தடி போனதும் நகரும்.

அதற்கு வரிசையே ஒரு வழி வைத்திருந்தது. இறங்குகிறவன் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவான். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் ஓடிவந்து அந்த வண்டியை முன்னே எடுத்து விடுவான். பிறகு திரும்பி ஓடிப் போய்த் தன் வண்டியை எடுப்பான். நாற்பதடி நீள வண்டியை, உள்ளே யாருடைய சரக்கோ இருக்கிற கன்டெய்னர் பொட்டியோடு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போவது. கல்யாணத்தில்கூட இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இத்தனை நம்பிக்கை இருக்கிற இடத்தில் ஒரு பாவம் மட்டும் மன்னிப்பில்லாதது. குறுக்கே புகுவது. வரிசையை ஏமாற்றி முன்னால் போய்ச் சொருகினவனுக்குத் தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது, அவன் இறங்கினால் வண்டியை நகர்த்த ஆள் கிடையாது. வரிசையின் கடைசி வண்டிக்குப் பின்னால், வால் என்பார்கள், அந்த வாலுக்குத் தானாகப் போய் நின்று வந்தால்தான் மறுபடியும் மனிதன்.

அம்புரோசுக்குப் பின்னால் எப்போதும் நிற்கிறவன் லட்சுமணன். எம்.கே.பி. நகர்க்காரன். இருவருக்கும் ஒரே கன்டெய்னர் யார்டில் அடுத்தடுத்த லோடு, அதனால் வரிசையிலும் அடுத்தடுத்து. லட்சுமணன் அதிகம் பேச மாட்டான். அம்புரோசின் கை ஜன்னலில் தெரிந்தால் இவன் கதவைத் திறப்பான். ஏழு தடவையும். ஒரு தடவைகூட "மறுபடியுமா" என்று கேட்டது கிடையாது.

டிரைவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. பெயர், 'வால் எங்கே'. வரிசையின் வால் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கவும் சொல்லவும் ஆரம்பித்தது. "வால் எங்கே?" "தண்டையார்பேட்டை." "வால் எங்கே?" "விம்கோ நகர், வூட்டுக்குச் சொல்லிட்டு வா." போன வருடம் பதினெட்டு மணி நேரம் எல்லாரும் சிக்கிக்கொண்ட ஒரு நாள், பொழுது போகாமல் அம்புரோஸ் அதில் ஒரு கதையை வாய்ஸாகப் பேசிப் போட்டான். அப்படிப் பிறந்தவன்தான் ஸ்பேனர் சந்தியாகு.

சந்தியாகுவும் டிரெய்லர் டிரைவர். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர். வாயைத் திறந்தால் பொய். ஒரே பழைய டயரை மூன்று பேருக்கு விற்றவன். மூன்று பேரும் சேர்ந்து அடிக்க வந்தபோது, அவர்களையே கூட்டுச் சேர்த்து நாலாவது ஆளுக்கு விற்றவன். ஒரு தடவை பூட்டில் கம்பெனி வைத்த சீலை உடைத்து ஒரு பொட்டியிலிருந்து ஷூவாக எடுத்துத் தெரு முழுக்க வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் இடது கால். திருடுபோகக் கூடாதென்று வலது கால் தனிப் பொட்டியில், தனிக் கப்பலில் வருகிறதாம். அந்தக் கப்பலுக்காகத் தெருவே ஒன்றரை மாதம் காத்திருந்தது. பிள்ளைகள் அதுவரை ஒற்றைக் காலில் ஷூ போட்டுக்கொண்டு நடந்தார்கள். குரூப்பில் இருந்தவர்கள் அந்த ஒன்றரை மாதமும் தூங்கவில்லை. "வலது காலு வந்துட்ச்சா மாமு" என்று தினமும் கேட்டார்கள்.

சந்தியாகு ஹீரோவா இல்லையா என்ற பேச்சு முதலிலிருந்தே உண்டு. மஜீது பாய் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஐந்து வேளை தொழுகிறவர், வண்டியிலேயே பாய் வைத்திருப்பார்.

"திருடன் எப்புடிப்பா ஈரோ ஆவான்?" என்பார்.

"பாய், அவன் தனக்கா எடுத்துக்கினான்?" என்பான் தவ்ஃபீக். கொருக்குப்பேட்டைக்காரன், முப்பது வயது, குரூப்பில் வாய் அதிகம்.

"யாருக்கு எடுத்தாலும் எடுத்ததுதான். அது கெடக்கட்டும், வலது காலு இன்னிக்காவது வருதா இல்லியா? அத்தச் சொல்லச் சொல்லு."

இப்படி நாற்பது வாய்ஸ் ஓடியது. நாற்பத்தோராவது வாய்ஸில்தான் வந்தது வினை.

அன்றைக்கு விம்கோ நகர் தாண்டி வரிசை செத்துக் கிடந்தது. பகல் பன்னிரண்டு. கேபினுக்குள் இட்லி வேகும். தவ்ஃபீக், "வாய்ஸ் போடு மாமு, இல்லாங்காட்டி நானு ரோட்ல எறங்கி ஆடுவேன்" என்று எழுதினான். அம்புரோசிடம் தயாராக எதுவும் இல்லை. தயாராக இல்லாதபோது வாயைத் திறந்தால் வயிற்றுக்குள் கிடப்பதுதான் வெளியே வரும். வந்தது.

சந்தியாகு வரிசையில் நிற்கிறான். மகளுக்கு அன்றைக்குக் காது குத்து. வரிசையைப் பார்த்தால் காது குத்தி, கம்மல் போட்டு, கல்யாணமே ஆகிவிடும் போலிருக்கிறது. வண்டியை விட்டு இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு, நடுங்குகிற குரலில் சொல்கிறான்: பொண்டாட்டி ரெஜினா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். வரிசையே வழி விடுகிறது. பின்னால் நின்ற ஒரு தோஸ்து இறங்கி நடுரோட்டில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி, வருகிற பஸ், லாரி எல்லாவற்றையும் நிறுத்தி, சந்தியாகுவின் வண்டியை முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். சந்தியாகு போய்விட்டான், காதும் குத்தியாயிற்று. மறுநாள் அந்தத் தோஸ்து ரெஜினாவைப் பார்க்க இரண்டு டஜன் சாத்துக்குடியோடு வருகிறான். சந்தியாகு தெருமுனையிலேயே மறித்து, "டாக்டர் யாரையும் பாக்கக் கூடாதுன்னுட்டார்" என்று பையை வாங்கிக்கொண்டு போய், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற ரெஜினாவோடு உட்கார்ந்து உரித்துத் தின்கிறான்.

ஆறு நிமிட வாய்ஸ். தோஸ்துவின் குரலையும் பேசிக் காட்டினான். பழத்தை உரிக்கிற சத்தம்கூட நாக்கால் செய்தான். நன்றாக அமைந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது. அனுப்பினான்.

அனுப்பின பிறகுதான் உறைத்தது.

காது குத்தை மாற்றியிருந்தான். நிஜத்தில் அது மகள் ஜானட்டின் புது நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். பொண்டாட்டி பேரை மாற்றியிருந்தான். நிஜத்தில் சில்வியா. எல்லாவற்றையும் மாற்றியவன் பழத்தை மாற்ற மறந்துவிட்டான். ஆப்பிள் என்று சொல்லியிருக்கலாம். ஹார்லிக்ஸ் என்று சொல்லியிருக்கலாம். சாத்துக்குடி என்று உள்ளதையே சொல்லித் தொலைத்தான். இரண்டு டஜன் என்று எண்ணிக்கை வேறு. கதை ஓடுகிற ஓட்டத்தில் நாக்குக்கு அதுதான் ருசியாக இருந்தது.

அழிக்கலாம் என்று விரலை வைத்தான். அதற்குள் நீல டிக். தவ்ஃபீக் அதை வேறு இரண்டு குரூப்புக்கும் அனுப்பிவிட்டிருந்தான். அம்புரோஸ் மெதுவாகக் கண்ணாடியைப் பார்த்தான். பின் வண்டியில் லட்சுமணன் போனைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோளில் அதே துண்டு. வாய்ஸ் முடிந்திருக்க வேண்டும். போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஏனென்றால் அந்தத் தோஸ்து லட்சுமணன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலப் பூசையில் ஜானட் வெள்ளைக் கவுன் போட்டு, கையில் மெழுகுவத்தியோடு முதல்முறையாக நன்மை வாங்கப் போகிறாள். அப்பன் எர்ணாவூரில் நிற்கிறான். அன்றைக்குச் சுற்றி நின்றதில் அவனைத் தெரிந்தவன் லட்சுமணன் மட்டும்தான். பொய் சொன்னான், போனான், பார்த்தான். கோயிலில் மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் உண்மைதான். அவன் போன ஒரு மணி நேரத்தில் கேட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் ராத்திரி வரைக்கும் சிக்கினார்கள் என்பதும் உண்மைதான். அந்தச் சாத்துக்குடிக்குப் பிறகு அம்புரோஸ் அந்தப் பழத்தை வாயில் வைத்ததில்லை. ஜூஸ் கடைப் பக்கம் போனால்கூட வேறு பக்கம் பார்ப்பான்.

குரூப்பில் நெருப்புப் பற்றியது.

"இன்னா மாமு இது," என்று தவ்ஃபீக் வாய்ஸ் போட்டான். "சந்தியாகு வரிசையில பூர்றானா? சந்தியாகுவா? எனக்கு நாஸ்டாவே எறங்கல."

"கலீஜ் பண்ட்டான்," என்றான் பிராங்கிளின். ராயபுரத்துக்காரன், அம்புரோசுக்குத் தூரத்துச் சொந்தம்.

மஜீது பாய் சந்தோஷமாக வந்தார். "நாந்தான் மொதல்லேர்ந்து சொல்றேன், அவன் ஈரோ இல்லைன்னு. சீலை ஒடச்சான், நீங்க கை தட்னீங்க. டயர வித்தான், கை தட்னீங்க. இப்ப வரிசையில பூந்தா மட்டும் வில்லனா?"

"ஆமா பாய்," என்றான் தவ்ஃபீக். "சீலு மொதலாளியோடது. வரிசை நம்முளுது."

மஜீது பாய், "அதுவும் சரிதாம்பா" என்று மட்டும் எழுதினார்.

பிராங்கிளின் ஒரு வழி கண்டுபிடித்தான். "மாமு, ஒண்ணு செய்யி. அடுத்த வாய்ஸ்ல, அவன் வூட்டுக்குப் போறான். பாத்தா ரெஜினா நெஜமாவே பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து கெடக்குறா. பொய்யி நெஜமாயிட்ச்சா? இவன் போனதால உசுரு பொழைச்சுட்ச்சா? அவ்ளோதான், ஈரோ."

"சூப்பர்," "அத்தப் போடு," என்று பத்துப் பேர். அம்புரோசுக்கே சபலம் தட்டியது. நல்ல வழிதான். ஒரே ஒரு வாய்ஸ், எல்லாம் துடைத்துப் போய்விடும்.

"ஆள நல்லவனாக்கறதுக்கு ஒரு பொம்பள மண்டைய ஒடைக்கிறீங்களேடா," என்றார் மஜீது பாய்.

லட்சுமணன் மட்டும் ஒன்றும் போடவில்லை. வழக்கமாக ஒரு கட்டை விரலாவது போடுகிறவன்.

வீட்டுக்குப் போனால் சில்வியா வாசலிலேயே நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. தவ்ஃபீக்கின் பொண்டாட்டியும் அங்கேயே ஆயா. வாய்ஸ் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

"ரெஜினா வழுக்கி வுழுந்துட்ச்சாமே," என்றாள். "எந்தக் காலு?"

"கதம்மா."

"கதையில வந்த சாத்துக்குடிய நான் துண்ணிருக்கேன். நல்லா இனிச்சுது. யாரு குடுத்தான்னு கேட்டேன். யார்டு ஓனரு குடுத்தார்னு சொன்னியே."

அம்புரோஸ் சட்டையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

"அப்ப அந்த லட்சுமணண்ணன் ரோட்ல பாக்கறப்பல்லாம் 'ஒடம்பு எப்புடி கீதும்மா'ன்னு கேட்டது எந்த நோவ நெனச்சுன்னு எனக்கு இப்பதான் புரியுது. நானும் ரெண்டு வருசமா நல்லாக்கீறேண்ணே நல்லாக்கீறேண்ணேன்னு சொல்லிக்கினு வரேன். சரி, எனக்கு ஒரு நோவு வச்சியே, சின்னதா ஒரு காச்சலு வக்கக் கூடாதா? மண்டையிலயா அடி வப்பே?"

"அவசரத்துல வந்துட்ச்சு."

சில்வியா சிரிக்கவில்லை. தட்டில் கஞ்சியை ஊற்றி அவன் முன் வைத்தாள். "நாளைக்கு உன் வண்டிய யாரு நகத்துவா?" என்றாள்.

அதைத்தான் அவனும் யோசித்துக்கொண்டிருந்தான். யாருமே நகர்த்தாவிட்டால் ஏழு தடவை இறங்க முடியாது. இறங்க முடியாதவன் வரிசையில் நிற்க முடியாது. வரிசையில் நிற்க முடியாதவனுக்கு டிரெய்லர் எதற்கு? கணக்கு அவ்வளவு தூரம் போனது. ஆனால் அதற்கும் கீழே இன்னொன்று உறுத்தியது. அந்தக் கதவு. கை தூக்கினால் பின்னால் திறக்கிற அந்தக் கதவின் சத்தம். அது இனிமேல் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தான்.

மறுநாள் லோடு ஏற்றி வந்து நின்றார்கள். முன்னால் அம்புரோஸ், பின்னால் லட்சுமணன், வழக்கம்போல. திருவொற்றியூரில் வரிசை கெட்டியாக நின்றது. காலையிலிருந்து அம்புரோஸ் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் இறங்க வேண்டியதில்லை, இறங்காவிட்டால் கை தூக்க வேண்டியதில்லை, கை தூக்காவிட்டால் ஒன்றும் தெரியவராது என்று கணக்குப் போட்டிருந்தான். அவன் போட்ட கணக்கு உடம்புக்குத் தெரியாதே. ஒன்பது மணிக்கு முட்டியது. பத்து மணிக்கு ஸ்டியரிங்கைக் கடித்தான். பதினொன்றுக்கு முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கினான்.

கண்ணாடியில் லட்சுமணன் அசையவில்லை.

வேறு வழியில்லை. சாவியை விட்டுவிட்டு இறங்கி, எதிர்ப்பக்கப் பெட்ரோல் பங்குக்கு ஓடினான். பேன்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போதே ஆரன் சத்தம் காதைப் பிளந்தது. வரிசை நகர்ந்திருந்தது. அவன் வண்டிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு டிரெய்லர் நிற்கிற அளவுக்கு ரோடு காலியாகக் கிடந்தது. இந்த ரோட்டில் அவ்வளவு காலி இடத்தை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாய் அதில் நிதானமாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அவன் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் லட்சுமணனின் வண்டியும் நின்றது. அதற்குப் பின்னால் ஊரே நின்று ஆரன் அடித்தது.

"லட்சுண்ணே," என்று பின்னாலிருந்து தவ்ஃபீக் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கத்தினான். "நகத்துனா நகத்து, இல்லாங்காட்டி தாண்டிப் போ. எதுனா ஒண்ணு செய்ண்ணே."

லட்சுமணன் இரண்டையும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அம்புரோஸ் போய் அவன் வண்டியின் படியில் ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நகத்தல," என்றான்.

"ஆமா."

"அப்ப தாண்டிப் பூட்டிருக்கலாமில்ல."

"நான் இன்னா நீயா?"

வாய்தான் அம்புரோசின் சர்டிபிகேட், அது அன்றைக்குச் செல்லவில்லை. லட்சுமணனே பேசினான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு டஜன். தோலு மெல்லிசா ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்து வாங்கினேன். கடைக்காரன் திட்னான்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அன்னிக்கி நெஜமா இன்னா விசேசம்?"

"ஜானட்டுக்குப் புது நன்மை."

"வெள்ளைக் கவுனு போட்டுகினு மெழுகுவத்தி புடிச்சிகினு போவாங்களே, அதா?"

"அதான்."

"அத்தச் சொல்லிக் கேட்டிருந்தா வுட்டிருப்போமே மாமு."

"வுட்டிருப்பீங்களா?"

லட்சுமணன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன் யோசிக்கும்போது முகத்தில் எல்லாம் தெரியும்.

"மாட்டோம்," என்றான்.

பின்னால் ஆரன் ஓயவில்லை. இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கி ஏப்ரல் பதினாலு," என்றான் லட்சுமணன். "எங்க ஏரியாவுல விழா. எம்பொண்ணு சங்கமித்ரா மேடையில பேசுச்சு. ஒரு மாசமா மனப்பாடம் பண்ணுச்சு, நானு பக்கத்துல வந்தா வாய மூடிக்கும், மேடையிலதான் கேக்கணும்னுட்ச்சு. நான் வரிசையில யார்கிட்டயாவது சொன்னனா? சொல்லல. ஏன்னா நிக்கிறவன் அத்தினி பேர் வூட்லயும் எதுனா ஒண்ணு இருக்கும். அப்பால வூட்டுக்குப் போயி, திருப்பி ஒரு தபா சொல்லும்மான்னேன். ஒரு தபா சொல்லியாச்சுப்பான்னுட்ச்சு. இன்னிக்கி வரிக்கும் சொல்லல. அதும் அப்பன மாதிரி, அழுத்தம்."

அம்புரோஸ் கதவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"இப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

"சந்தியாகு இன்னா பண்ணுவான்?"

அம்புரோஸ் உள்ளதைச் சொன்னான். "அவனா? எதுனா பீலா வுட்டுச் சிரிச்சுகினே பூடுவான்."

"அவன் ஈரோ. போவான்," என்றான் லட்சுமணன். "நீ வண்டி ஓட்றவன்."

அம்புரோஸ் படியிலிருந்து இறங்கினான். தன் வண்டியில் ஏறினான். ஸ்டார்ட் செய்தான். முன்னால் காலியாகக் கிடந்த ரோடு பளபளவென்று கூப்பிட்டது. ஐந்து நிமிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அவன் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டான். நாற்பதடி வண்டியை வரிசையிலிருந்து மெதுவாக உருவி வெளியே எடுத்து, அடுத்த திருப்பத்தில் வளைத்து, வந்த வழியே வடக்கே விட்டான். சூப்பர்வைசர் போனில் கத்துவான். கத்தட்டும்.

எதிர்ப்பக்கம் வரிசை நீளத்துக்கு டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். கேட்டுப் பக்கம் போக வேண்டியவன் எதற்குத் திரும்பிப் போகிறான் என்று புரியாமல் மஜீது பாய் வண்டியை விட்டே இறங்கி வந்து கேட்டார். "எங்கடா போற?"

"வாலுக்கு, பாய்."

"எதுனா மறந்துட்டியா?"

"ஆமா பாய்," என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். விம்கோ நகர் தாண்டியது. வால் எர்ணாவூரில் கிடந்தது. அங்கே போய், வளைத்து, கடைசி வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, என்ஜினை அணைத்தான். முன்னால் இருந்த வண்டி எல்லாம் இப்போது தலை தெரியாத தூரம் வரைக்கும். எண்ணினால் சாயங்காலத்துக்கு மேலாகும்.

போனை எடுத்து வாய்ஸ் போட்டான். அவன் போட்டதிலேயே சின்ன வாய்ஸ் அதுதான். குரலை மாற்றவில்லை, நாக்கால் சத்தம் எதுவும் செய்யவில்லை. "வரிசையில பூந்தது சந்தியாகு இல்ல. நான். ரெண்டு வருசம் முன்னாடி. துண்டு வீசி வழி வுட்டவன் லட்சுமணன். என் சம்சாரத்துக்கு அன்னிக்கி ஒண்ணும் இல்ல, இன்னிக்கும் ஒண்ணும் இல்ல. வாலுக்கு வந்துட்டேன்."

நீல டிக் வந்தது. தவ்ஃபீக் 'டைப்பிங்' என்று காட்டினான், நிறுத்தினான், மறுபடி காட்டினான், நிறுத்தினான். வாய் அதிகமுள்ளவனுக்கே வார்த்தை கிடைக்கவில்லை என்றால் விஷயம் மோசம்தான். அம்புரோஸ் போனைக் கவிழ்த்து வைத்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்து, காலையிலிருந்து குடிக்காததை எல்லாம் சேர்த்துக் குடித்தான். குடித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இப்போது பின்னால் யார்?

பின்னால் யாரும் இல்லை. வாலில் நிற்கிறவனுக்குப் பின்னால் ரோடுதான்.

கால் மணி நேரம் கழித்து போன் முனகியது. டெரிக் கேட்டிருந்தான். எண்ணூர்க்காரன், இப்போதுதான் லோடு ஏற்றி வெளியே வந்திருக்கிறான், பழைய மெசேஜ் எதையும் படிக்கிற வழக்கம் இல்லாதவன். "வால் எங்கே?"

யாரும் பதில் போடவில்லை. பிறகு ஒரு வாய்ஸ். லட்சுமணன். அவன் இந்தக் குரூப்பில் வாய்ஸ் போட்டு யாரும் கேட்டது கிடையாது. அம்புரோஸ் போனைக் காதில் வைத்தான். பின்னணியில் என்ஜின் சத்தம். லட்சுமணனின் வண்டி முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"வாலு எர்ணாவூர்ல கீது. கடைசியில அம்புரோஸ் மாமு நிக்கிறாரு. அவுரு பின்னாடி நில்லு. அடிக்கடி எறங்குவாரு, சர்க்கரை. கைய நீட்டுனா வண்டிய நகத்தி வுடு."

பத்து நிமிடத்தில் கண்ணாடியில் டெரிக்கின் வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. வந்து, மூச்சு விட்டு, நின்றது. சின்னதாக இரண்டு ஆரன் அடித்தான்.

அம்புரோஸ் சாவியை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கினான். பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் இறங்கினான்.